மேக்கில் விண்டோஸ்: எந்த வேலைக்கு என்று முதலில் சொல்லுங்கள்

கணினி கேள்வி – பதில்

குடியாத்தம், ஆம்பூர், காட்பாடி, வாணியம்பாடி, ஆற்காடு என்று ஊர்கள்தான் வேறு. இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: ‘மேக் வாங்கிவிட்டேன், அதில் விண்டோஸ் போட வேண்டும்.’ ஆகையால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

சத்துவாச்சாரியில் என் பழுதுபார்க்கும் மேசைக்கு இப்படி யாராவது வந்தால் நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். எந்த வேலைக்கு விண்டோஸ் வேண்டும்? உங்கள் மேக்கில் இருப்பது எந்த சிப்? இரண்டாவதைத் தெரிந்துகொள்வது எளிது. திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் படத்தை அழுத்தி, ‘இந்த மேக் பற்றி’ என்ற பொருளில் இருக்கும் முதல் வரியைத் திறந்து பாருங்கள். அதில் இன்டெல் என்று இருந்தால் ஒரு பாதை. எம்1, எம்2 என்று எம்மில் தொடங்கினால் வேறு பாதை. இந்த ஒரு விவரம் இல்லாமல் வந்த மூன்று கடிதங்களுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. அவர்கள் பார்த்துவிட்டு மறுபடி எழுதட்டும், காத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 22 ஆண்டுகளாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் நடத்துகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், ‘பழைய கம்ப்யூட்டரோடு போராடியது போதும் அப்பா’ என்று எம்2 மேக்புக் ஏர் வாங்கித் தந்தாள். என் வேலை எல்லாம் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 மென்பொருளில்தான். தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பச்சை டாங்கிள் உண்டு. அதை யுஎஸ்பியில் செருகினால்தான் எழுத்தே வரும். ஒரு கடையில், பூட் கேம்ப் மூலம் விண்டோஸ் போட்டுத் தருவதாகச் சொல்லி 6,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– அச்சக உரிமையாளர், குடியாத்தம்

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. எம்2 மேக்கில் பூட் கேம்ப் என்பதே கிடையாது. இல்லாத ஒன்றைப் போட்டுத் தருகிறேன் என்று சொல்பவர் அறியாமல் சொல்கிறாரா, அறிந்தே சொல்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. எப்படியிருந்தாலும் உங்கள் 6,000 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.

ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் டாங்கிளின் கதையும் அதற்குள்தான் இருக்கிறது. 2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ், மேக் கணினிகள் இனி இன்டெல் சிப்புக்கு மாறும் என்று அறிவித்தார். 2006 தொடக்கத்தில் அவை விற்பனைக்கு வந்தன. விண்டோஸ் கணினிகளிலும் அதே இன்டெல் சிப்தான் என்பதால், மேக்கின் வட்டில் ஒரு பகுதியை ஒதுக்கி விண்டோஸை நேரடியாகவே நிறுவ முடிந்தது. அதற்காக ஆப்பிளே கொடுத்த கருவிதான் பூட் கேம்ப். 2006 ஏப்ரலில் சோதனைப் பதிப்பாக வந்தது, 2007இல் லெப்பர்டு இயங்குதளத்தோடு முழுமை பெற்றது. பிறகு 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்தது. அது ஏஆர்எம் என்ற வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து மேக்குகளில் பூட் கேம்ப் இடம்பெறவில்லை. உங்கள் எம்2 அந்த வழியில் வந்தது.

இன்டெல் சிப்புக்கும் ஏஆர்எம் சிப்புக்கும் மொழி வேறு. சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் வாடிக்கையாளர் தெலுங்கில் பேசுவார், நீங்கள் தமிழில் பேசுவீர்கள், நடுவே ஒரு துபாஷி இருந்தால் வியாபாரம் நடந்துவிடும் அல்லவா? ஏஆர்எம் சிப்புக்கென்று மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு விண்டோஸ் 11 வைத்திருக்கிறது. அதற்குள் அப்படி ஒரு துபாஷி உட்கார்ந்திருக்கிறார். இன்டெல்லுக்காக எழுதப்பட்ட சாதாரண மென்பொருளை அவர் வரி வரியாக மொழிபெயர்த்து ஓட வைப்பார். உங்கள் எம்2 மேக்கில் பேரலல்ஸ் டெஸ்க்டாப் அல்லது விஎம்வேர் ஃபியூஷன் நிறுவினால், மேக் தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஒரு ஜன்னலில் இந்த விண்டோஸ் தனிக் கணினியைப் போல ஓடும். இதைத்தான் மெய்நிகர் கணினி என்கிறோம். பேஜ்மேக்கர் 7 அதில் ஓடவும் கூடும்.

ஆனால் டாங்கிள் ஓடாது. ஒரு சாதனத்தை விண்டோஸ் அறிந்துகொள்ள டிரைவர் என்ற சிறு நிரல் வேண்டும். அது இயங்குதளத்தின் கருவறைக்குள்ளேயே போய் உட்காரும் நிரல். துபாஷிக்கு அங்கே அனுமதி இல்லை. டிரைவர் ஏஆர்எம் மொழியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்தனை பழைய டாங்கிளுக்கு இன்று யார் ஏஆர்எம் டிரைவர் எழுதித் தரப்போகிறார்கள்? டாங்கிள் இல்லாவிட்டால் எழுத்துரு மென்பொருள் திறக்காது. அது திறக்காவிட்டால் பேஜ்மேக்கர் ஓடி என்ன பயன்? பழைய பிரிண்டர்களுக்கும் இதே கதிதான். இதை மகளிடம் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தெரிகிறது. அவர் வாங்கித் தந்தது நல்ல கணினி, அதை வீணாக்க வேண்டியதில்லை. நான் சொல்வதுபோலச் செய்து பாருங்கள்.

பழைய கணினியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டாங்கிளோடு அதை அச்சகத்தின் ஒரு மூலையில் அப்படியே வையுங்கள். அதில் இருப்பது விண்டோஸ் புரோ பதிப்பாக இருந்தால், தொலைவிலிருந்து இயக்கும் வசதி அதிலேயே உண்டு (ஹோம் பதிப்பில் இல்லை). மேக்கில் மைக்ரோசாஃப்ட்டின் ‘விண்டோஸ் ஆப்’ என்ற இலவச மென்பொருளை நிறுவி, அச்சகத்து வைஃபை வழியாக அந்தக் கணினியைத் திறந்தால், உங்கள் பேஜ்மேக்கர் மேக்கின் திரையில் வந்து நிற்கும். ஓடுவது அங்கே, பார்ப்பது இங்கே. சில டாங்கிள்கள் இப்படித் தொலைவிலிருந்து திறந்தால் முரண்டு பிடிக்கும் என்பதால், முகூர்த்த மாதம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சோதித்துவிடுங்கள். தை பிறந்த பிறகு சோதிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. முரண்டு பிடித்தால் பழைய கணினியின் முன்னால் உட்கார்ந்தே பழைய கோப்புகளைத் திறக்க வேண்டியதுதான். அந்தக் கணினியைப் பொது இணையத்துக்கு மட்டும் திறந்து வைக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 7க்கோ 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டன.

ஐயா, இனி நான் சொல்லப்போவது நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பழைய கோப்புகளில் இருப்பது கணினியின் கண்ணுக்குத் தமிழே இல்லை. பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு என்ற கண்ணாடியைப் போட்டால்தான் அது அம்மா. கண்ணாடி உடைந்தால் எத்தனை ஆண்டு உழைப்பும் புரியாத குறிகளாகிவிடும். உங்கள் கண்ணாடியோ ஒரு பச்சை டாங்கிளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது ஒரு நாள் கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வீர்கள்?

ஆகையால், டாங்கிள் உயிரோடு இருக்கும்போதே முக்கியமான பத்திரிகைகளை எல்லாம் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். மீண்டும் மீண்டும் தேவைப்படும் வாசகங்களை, அதாவது ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் பத்தி, உறவுமுறை வரிசைகள், மண்டபங்களின் முகவரிகள் ஆகியவற்றை, எந்தக் கணினியிலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். பழைய குறியேற்றங்களை யூனிகோடாக்க என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துத் திருத்துங்கள். கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்பது வழக்கம். புதிதாக வரும் வேலைகளை மேக்கிலேயே, யூனிகோடிலேயே தொடங்குங்கள். இன்னொன்றையும் சொன்னால் மகிழ்வீர்கள்: பேஜ்மேக்கர் முதன்முதலில் 1985இல் பிறந்ததே மேக் கணினியில்தான். உங்கள் தொழில் தன் தாய்வீட்டுக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆம்பூரில் ஒரு தோல் காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. என்னிடம் இருப்பது எம்1 மேக்புக் ஏர், 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பகம். டேலி பார்க்க வேண்டும், ஜிஎஸ்டி கணக்கை டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகித் தாக்கல் செய்ய வேண்டும். பேரலல்ஸ் வாங்கலாமா? இலவசமாக ஏதாவது உண்டா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனதில் வந்தது ஆம்பூரின் மே மாதம். அதிலிருந்தே தொடங்குகிறேன். எம்1 மேக்புக் ஏருக்குள் மின்விசிறி கிடையாது. சூடேறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள வெப்பம் 10 முதல் 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. நம் பாலாற்றங்கரையில் கோடையில் 40ஐத் தாண்டுகிறது. ஒரே உடம்பில் இரண்டு இயங்குதளங்களைச் சுமக்கும் கணினி, மாடி அறையில் பகல் இரண்டு மணிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மெதுவாகிவிடும், அவ்வளவுதான், கெட்டுப்போகாது. காலை நேரத்திலோ குளிர்ந்த அறையிலோ வேலை செய்யுங்கள், தலையணை மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது நினைவகம். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. மெய்நிகர் கணினி ஓடும் நேரத்தில் உங்கள் 8 ஜிபியில் பாதி அங்கே போய்விடும். மீதி நான்கில் மேக் மூச்சுத் திணறும். டேலி மட்டும் திறந்து வைத்தால் சமாளிக்கலாம். கூடவே குரோமில் இருபது பக்கங்கள் திறந்தால் சமாளிக்காது. நினைவகத்தை இந்தக் கணினியில் பிறகு கூட்டவும் முடியாது, சிப்போடு சேர்ந்தே வருகிறது.

இலவசமா என்று கேட்டீர்கள். விஎம்வேர் ஃபியூஷன் 2024 நவம்பர் முதல் அலுவலகப் பயன்பாட்டுக்கும் இலவசம். பதிவு செய்துதான் இறக்க வேண்டும், தரவிறக்கப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவும் பொறுமை வேண்டும். யூடிஎம் என்ற இன்னொன்றும் இலவசம்தான், கற்றுக்கொள்ள நல்லது, கணக்கு வேலைக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பேரலல்ஸ் ஆண்டுச் சந்தா கேட்கும், ஆனால் நிறுவுவது மிக எளிது. விண்டோஸ் 11இன் ஏஆர்எம் பதிப்பை அதுவே இறக்கித் தந்துவிடும். 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட்டும், ஆப்பிள் சிப் கொண்ட மேக்குகளில் விண்டோஸ் 11 புரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளை இயக்க அதை அங்கீகரித்தது. எதை வாங்கினாலும் விண்டோஸ் உரிமத்துக்கான பணம் தனி. இதை நிறுவனம் தர வேண்டும், நீங்கள் அல்ல. கேளுங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து செலவழித்து நிறுவனத்தின் கணக்கைப் பார்க்காதீர்கள்.

இப்போது உண்மையான முள்ளுக்கு வருகிறேன், டோக்கன். குடியாத்தம் ஐயாவின் டாங்கிளுக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும். டோக்கனின் டிரைவர் ஏஆர்எம்முக்கு இல்லையென்றால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. தனி ஒருவருக்குச் சொந்தமான கடை என்றால் கைபேசிக்கு வரும் ஓடிபியை வைத்தே ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்துவிடலாம். கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். ஆகையால் பேரலல்ஸுக்குப் பணம் கட்டுமுன் டோக்கனின் பின்புறம் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். அதைத் தயாரித்தவர்களைக் கேளுங்கள்: ஏஆர்எம் விண்டோஸுக்கு டிரைவர் உண்டா, மேக்குக்கு நேரடியாக உண்டா? சில டோக்கன்களுக்கு மேக் டிரைவரே கிடைக்கிறது. இரண்டும் இல்லையென்றால், தாக்கலுக்குக் கடைசி நாட்களான மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வருமுன் ஒரு நாள் அலுவலகம் போய்க் கையொப்ப வேலையை மட்டும் அங்கே முடித்துவிடுங்கள். மற்ற நாட்களில் வீட்டிலிருந்து டேலி.

உண்மையில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் விண்டோஸை வீட்டுக்குக் கொண்டுவரவே மாட்டேன். அலுவலகத்தில் உங்கள் மேசைக் கணினி சும்மாதானே இருக்கிறது? நிறுவனத்தின் கணினிப் பொறுப்பாளரிடம் சொல்லி, விபிஎன் என்ற பாதுகாப்பான இணைய இணைப்பு வழியாக அந்தக் கணினியைத் திறக்க ஏற்பாடு கேளுங்கள். கணக்கு அலுவலகத்திலேயே இருக்கும். உங்கள் மேக் சூடேறாது. குழந்தை எப்போதாவது மேக்கின் மேல் தண்ணீரைக் கொட்டினாலும் நிறுவனத்தின் பேரேடு நனையாது.

கேள்வி: சார், காட்பாடியில் மெக்கானிக்கல் படிக்கிறேன். 2015 மேக்புக் புரோ, செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்டெல் சிப். சாலிட்வொர்க்ஸ் வேண்டும். மெய்நிகர் கணினியா, இரட்டை இயங்குதளமா? விண்டோஸ் 11 போடலாமா?
– மாணவர், காட்பாடி

பதில்: தம்பி, இரட்டை இயங்குதளமே போடு, அதாவது பூட் கேம்ப். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸுக்கு மட்டும்தான் இருக்கிறது. முப்பரிமாண வரைபடத்துக்குக் கணினியின் முழுப் பலமும் வேண்டும். மெய்நிகர் கணினியில் அந்தப் பலம் இரண்டாகப் பிரிந்துவிடும். பூட் கேம்ப் வழியில் ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம்தான் ஓடும் என்பதால் எல்லாமே அதற்குத்தான். (ஆட்டோகேட் மட்டும் போதும் என்ற நிலை வந்தால், அதற்கு மேக் பதிப்பே இருக்கிறது.)

மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே 64 பிட் விண்டோஸ் 10ஐ நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கு, வேறு எங்கிருந்தும் வேண்டாம். மேக்கில் பூட் கேம்ப் அசிஸ்டென்ட் என்று தேடித் திற. 2015 மாதிரிக்குப் பென் டிரைவ் தேவையில்லை, அதுவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸுக்கு எவ்வளவு இடம் என்று கேட்கும்போது 64 ஜிபி என்ற குறைந்த அளவோடு நிறுத்திவிடாதே. சாலிட்வொர்க்ஸ் பெரியது. 128 ஜிபியாவது கொடு, பிறகு கூட்டுவது பெரும் தொல்லை. நிறுவி முடிந்த பின், கணினியைத் திறக்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் இரண்டு வட்டுகளின் படமும் வரும், வேண்டியதைத் தேர்ந்தெடு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது. இரண்டிலும் கோப்புகளைப் பகிர எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் வைத்துக்கொள்.

விண்டோஸ் 11 வேண்டாம். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் மேக்குகளில் அது இல்லை. ஏமாற்றி நிறுவும் வழிகளை யாராவது காட்டுவார்கள். நான்காம் ஆண்டு புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒரு திருத்தம் வந்து எல்லாம் நின்றுபோனால் அவர்கள் உன் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். விண்டோஸ் 10க்கும் வழக்கமான திருத்தங்கள் முடிந்துவிட்டன, உன் மேக்கில் போடக்கூடிய மேக் இயங்குதளத்தின் கடைசிப் பதிப்பான மான்டெரேக்கும் வயதாகிவிட்டது. ஆகையால் விண்டோஸ் பக்கத்தைச் சாலிட்வொர்க்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் அங்கே திறக்காதே.

இதெல்லாம் எளிது. இனி சொல்வதைத்தான் நீ செய்யாமல் விடுவாய் என்று பயப்படுகிறேன். வட்டை இரண்டாகப் பிரிக்கும் பார்ட்டிஷன் பொத்தானை அழுத்துமுன், மேக்கில் உள்ள அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் டைம் மெஷின் மூலம் நகலெடு.

2012இல் ஒரு ஸ்டூடியோக்காரர் தன் ஐமேக்கில் விண்டோஸ் வேண்டும் என்றார். ஒரே நாளில் முடித்துத் தரச் சொன்னார். நகலெடுக்க வெளி டிஸ்க் இல்லை, நாளை கொண்டுவருகிறேன் என்றார். நான் காத்திருந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உன் வீட்டில் கேட்டுப் பார். ஐமேக்கில் பேட்டரி கிடையாது. என் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும் என்று நம்பினேன். பார்ட்டிஷன் பாதியில் இருக்கும்போது மின்சாரம் போனது, யுபிஎஸ் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறுபடி திறந்தபோது அந்த வட்டில் எதுவுமே இல்லை. பேரணாம்பட்டில் ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. மெமரி கார்டுகளில் மிச்சமிருந்தவற்றைத் துருவி எடுத்தோம், முகூர்த்தப் படங்கள் கிடைத்தன. முந்தின நாள் மாலை எடுத்தவை போயின. அந்தப் படங்களில் பெண்ணின் பாட்டி இருந்தார். அவர் அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. அந்தக் குடும்பத்தார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அது இன்னும் எனக்குக் கனமாகத்தான் இருக்கிறது. அன்று முதல் நகல் இல்லாத கணினியில் நான் பார்ட்டிஷன் பிரிப்பதில்லை. எத்தனை அவசரமானாலும் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

டைம் மெஷின் மேக் பக்கத்தை மட்டுமே நகலெடுக்கும், விண்டோஸ் பக்கத்தைத் தொடாது. உன் சாலிட்வொர்க்ஸ் கோப்புகளை நீயேதான் நாள்தோறும் வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

கேள்வி: மேக்கில் பேரலல்ஸ் வழியாக விண்டோஸ் வைத்திருக்கிறேன். விண்டோஸில் வைரஸ் வந்தால் மேக்குக்கும் பரவுமா? இன்னொன்று: 500 ரூபாய்க்கு விண்டோஸின் உரிம எண்ணை, அதாவது கீயை, விற்கிறார்கள், வாங்கலாமா?
– வியாபாரி, வாணியம்பாடி

பதில்: விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் மேக்கில் ஓடாது. ஆனால் பேரலல்ஸ், மேக்கின் ஆவணங்களை விண்டோஸுக்குள்ளிருந்தே திறக்கும்படி கோப்புறைகளைப் பகிர்ந்து வைக்கும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் விண்டோஸில் நுழைந்தால், அந்தக் கதவு வழியாக உங்கள் மேக் கோப்புகளையும் பூட்டிவிடும். அமைப்புகளில் போய்ப் பகிர்வை நிறுத்துங்கள், வேண்டுமானால் ஒரே ஒரு கோப்புறையை மட்டும் பகிருங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும், வேறு வாங்க வேண்டாம்.

500 ரூபாய்க் கீ வேண்டாம். ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த கீயைத் துண்டு துண்டாக விற்பது பல இடங்களில் நடக்கிறது. இன்று வேலை செய்யும், ஒரு நாள் நின்றுவிடும். நீங்கள் சரக்குக்குச் சரியான பில் போட்டு விற்பவர் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இதையும் பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: ஆற்காடு அருகே அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. மகன் தன் பழைய எம்1 மேக்கைக் கொடுத்தான். வினாத்தாள் தயாரிக்க வேர்டும், மதிப்பெண் பட்டியலுக்கு எக்செலும், தமிழ்த் தட்டச்சும் போதும். இதற்கு விண்டோஸ் போட வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு செலவாகும்?
– ஆசிரியை, ஆற்காடு

பதில்: விண்டோஸுக்கு ஒரு ரூபாயும் ஆகாது அம்மா, ஏனென்றால் உங்களுக்கு அதுவே வேண்டாம். வேர்டும் எக்செலும் மேக்குக்கென்றே இருக்கின்றன. கட்டணம் செலுத்த விருப்பமில்லை என்றால் லிப்ரெஆஃபிஸ் இலவசம், அதிலும் வினாத்தாள் நன்றாகவே வரும். தமிழுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை. மேக்கிலேயே தமிழ்99 விசைப்பலகையும், ஒலிப்பு முறையில் தட்டும் அஞ்சல் விசைப்பலகையும் இருக்கின்றன. அஞ்சல் முறை மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கியது. ஒரு தமிழர் செய்த வேலை உலகம் முழுவதும் ஒவ்வொரு மேக்கிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை உங்கள் மாணவர்களிடம் ஒரு நாள் சொல்லுங்கள்.

அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், உள்ளீட்டு மூலங்கள் என்ற பொருளில் உள்ள இடத்தில் தமிழைச் சேர்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கன்ட்ரோல் விசையையும் ஸ்பேஸ் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். தட்டச்சு புதிது என்றால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள். உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். இரண்டு வாரத்தில் விரல்கள் தாமாகவே போகும்.

பள்ளியின் பழைய கணினியில் பாமினியில் தட்டிய வினாத்தாள்கள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், மேக்கில் திறக்கும்போது அவை ஆங்கிலக் குறிகளாகத் தெரியும், பயந்துவிடாதீர்கள். அவற்றில் இரண்டைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். யூனிகோடாக மாற்றி, எந்த இடத்தில் கொம்பு வழுக்கியது என்று சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். மீதியை நீங்களே செய்துவிடுவீர்கள்.